கழுவாமல் கொடுங்கள், பிரித்துக் கொடுங்கள்: செம்மறி வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

செம்மறி வளர்க்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், கத்தரி பிடிக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

கத்தரித்து முடித்ததும் கொட்டகை மூலையில் மயிர் குவிந்து கிடக்கிறது. வாங்க ஆளில்லாத இடங்களில் அதைக் குழியில் தள்ளுகிறார்கள், கொளுத்துகிறார்கள், மழையில் நனைந்து மட்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மயிரை எங்களுக்குத் தானமாகத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஊரார் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து ஃபெல்ட் (நூற்காமல், நெய்யாமல், கம்பளி இழைகளைத் தேய்த்துப் பின்னவைத்துச் செய்யும் கெட்டித் துணி) செய்யும் பொதுப்பணிக்கு அது வேண்டும். உட்காரும் விரிப்பு, செருப்புக்குள் வைக்கும் மெத்தடி, தரைவிரிப்பு, ஓசை எதிரொலிக்கும் கூடங்களின் சுவருக்குத் தடுப்பு என்று அதிலிருந்து நிறையச் செய்யலாம்.

கேட்பதோடு நிறுத்தாமல், எப்படித் தரவேண்டும் என்பதையும் விரிவாக எழுதுகிறோம். ஓர் ஆட்டின் கம்பளி நல்ல விரிப்பாகுமா, உரக்குழிக்குப் போகுமா என்பது எங்கள் பட்டறையில் முடிவாவதில்லை. கத்தரிக்கும் அன்று உங்கள் தரையில், மயிர் உடம்பை விட்டு இறங்கிய முதல் சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் மிக முக்கியமான வேண்டுகோள்: தயவுசெய்து கழுவாதீர்கள். சுத்தமாகக் கொடுக்கவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் பலர் கழுவுகிறார்கள். ஆனால் பாதி கழுவிய கம்பளியைவிட அழுக்குக் கம்பளியே எங்களுக்கு நூறு மடங்கு மேல். காரணத்தைச் சொல்கிறோம்.

கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் கூரை ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள் உண்டு. செதிலின் திறந்த விளிம்பு நுனியைப் பார்த்திருக்கும். ஓர் இழையை எடுத்து வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கும், நுனியிலிருந்து வேருக்கு உருவினால் பிடிக்கும். இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாக்கில் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். எப்படித் தேய்த்தாலும் அது ஒரே பக்கமாக, வேர்முனை முன்னே போக, மெல்ல ஊர்ந்து வெளியேறும். ஃபெல்ட் செய்வதன் முழு ரகசியமும் இந்த ஊர்தல்தான். ஈரம், சூடு, சோப்பு, அசைவு நான்கும் சேர்ந்தால் லட்சக்கணக்கான இழைகள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து போய்ப் பின்னிக்கொள்ளும். பின்னியதை யாராலும் பிரிக்க முடியாது. நெய்த துணியை நூல் நூலாகப் பிரிக்கலாம், ஃபெல்டைப் பிரிக்க முடியாது.

இப்போது வீட்டில் ஒரு தொட்டியில் சுடுநீர் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, கையால் பிசைந்து கழுவினால் என்ன நடக்கும்? அந்த நான்கும் அங்கேயே கூடிவிடும். நாங்கள் விரிப்பாகச் செய்யவேண்டியது உங்கள் தொட்டியிலேயே கட்டியாகிவிடும். துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டால் இன்னும் மோசம், கயிறு கயிறாகத் திரிந்து வரும். சோப்புத்தூள்கள் பலவற்றில் புரதத்தைத் தின்னும் நொதி உண்டு. கம்பளி முழுக்கப் புரதம் என்பதால் இழையே அரிபடும். வெளுப்பதற்குக் குளோரின் திரவம் ஊற்றினால் கம்பளி கண்முன்னே கரைந்து கூழாகும். ஆகவே அழுக்கோடும் பிசுக்கோடும், ஆட்டு வாசத்தோடும் அப்படியே கொடுங்கள். கழுவுவது எங்கள் வேலை.

அடுத்து, எந்த ஆட்டின் மயிர் வேண்டும் என்பது. செம்மறி எல்லாம் கம்பளி ஆடு அல்ல. மேச்சேரி, சென்னைச் சிவப்பு, டார்ப்பர் போன்றவை முடி ஆடுகள், அவற்றின் குட்டை முடி ஃபெல்டுக்கு உதவாது. மெரினோ போன்ற நுண்கம்பளி இனங்களின் இழை ஏறக்குறைய 17 முதல் 24 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். அது வேகமாகவும் இறுக்கமாகவும் பின்னும், தோலில் பட்டாலும் குத்தாது. நீலகிரி ஆட்டின் கம்பளியும் மென்மையானது. 35 மைக்ரானுக்கு மேல் போகும் முரட்டுக் கம்பளி கழுத்துக்கு ஆகாது, காலுக்கு மிக நல்லது. தரைவிரிப்பும் மெத்தடியும் அதில்தான் உழைக்கும். ஆகவே "எங்கள் ஆட்டுமயிர் முரடு, யாருக்கு வேண்டும்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சில இனங்களின் கம்பளி பார்க்க வெண்மையாக, பஞ்சுபோல் பொதபொதவென்று இருக்கும், ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் பின்னாது. சஃபோல்க், சவுத்டவுன் போன்ற இறைச்சி இனங்கள் இப்படி. திண்டுக்குள் அடைக்க அது அருமையான பொருள், அமுக்கினால் திரும்ப எழும்பும். அதனால் அதையும் வாங்கிக்கொள்வோம், தனி மூட்டையாக மட்டும் தாருங்கள். லெஸ்டர் வகை ஆடுகளின் நீண்ட பளபளப்பான சுருள் மயிர் பின்னும், ஆனால் நேரம் எடுக்கும்.

இனம் தெரியவில்லை, கலப்பு என்றால் கவலை வேண்டாம், கையிலேயே சோதிக்கலாம். தோள்பட்டை மயிரில் ஒரு சிட்டிகை எடுத்து, கற்றையைப் பிரித்துப் பஞ்சாக்குங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, இரண்டு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, பிசுக்குப் போக அலசுங்கள். பிறகு கட்டிச் சோப்பை உள்ளங்கையில் தடவிக்கொண்டு, லட்டு பிடிப்பதுபோல் முதலில் மெல்லவும் பிறகு அழுத்தியும் ஐந்து நிமிடம் உருட்டுங்கள். இலந்தைக்கொட்டைபோல் கெட்டியான உருண்டையானால் முதல்தரம். மேலே தோல் கட்டி உள்ளே கொழகொழவென்று இருந்தால் நடுத்தரம், அதையும் ஏற்போம். விரித்தால் பஞ்சாகவே பிரிந்து வந்தால் அது திண்டுக்கு. பெயர்ப்பட்டியலைவிட இந்த உருண்டையையே நாங்கள் நம்புகிறோம். ஒரே இனத்தில் இரண்டு ஆடுகள்கூட வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கற்றை நீளம் 4 முதல் 10 செ.மீ. வரை இருந்தால் வேலைக்கு வாகு. குட்டியின் முதல் கத்தரிப்பு மென்மையில் தனிச்சிறப்பு. மத்திய ஆசியாவில் ஃபெல்ட் செய்வோர் இலையுதிர்காலத்தில் கத்தரித்த குட்டைக் கம்பளியை விரும்பி எடுப்பார்கள். அல்தாய் மலையின் பாசிரிக் புதைமேடுகளில் உறைபனிக்குள் கிடைத்த ஃபெல்ட் திரைகள் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை, அவற்றின் வண்ணம்கூட முழுக்க அழியவில்லை. கிர்கிஸ் மக்களின் ஷிர்டக், அலா-கியிஸ் விரிப்புக் கலையை 2012-இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்கவேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. தறியில்லை, நூற்பில்லை, கையும் காலும் தண்ணீரும் போதும். பொதுப்பணிக்கு இதைவிடப் பொருத்தமான கைத்தொழில் இல்லை என்பது எங்கள் எண்ணம். குழந்தை முதல் பாட்டி வரை ஒரே விரிப்பில் ஒரே நேரத்தில் கைவைக்கலாம்.

இனி கத்தரிக்கும் நாள். நாங்கள் அதிகம் கேட்பது இங்கேதான், பொறுமையாகப் படியுங்கள்.

ஆடு காய்ந்திருக்கவேண்டும். பனி நனைத்த ஆடு, மழை கண்ட ஆடு இரண்டையும் அன்று தொடாதீர்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்துக்கொண்டும் தொடுவதற்கு ஈரம் காட்டாமல் இருக்கும். மேலே தடவிப் பார்த்தால் தெரியாது. முதுகில் மயிரைப் பிளந்து தோல்வரை விரலை நுழைத்து, அங்கே சில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், இழை இற்றுப்போகும். அதோடு ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் மஞ்சள் கறை விழும். அந்த மஞ்சள் எந்தச் சோப்புக்கும் போகாது.

கத்தரிப்பதற்கு முந்திய 12 மணி நேரம் தீனி வைக்காதீர்கள். வயிறு காலியாக இருந்தால் ஆட்டைப் புரட்டும்போது அதற்குச் சிரமம் குறைவு, புழுக்கை சிந்தி மயிர் கெடுவதும் குறைவு. குட்டிகளுக்கும் நிறைசினை ஆடுகளுக்கும் இதை அப்படியே செய்யவேண்டாம், உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வதுபோல் செய்யுங்கள்.

தரை முக்கியம். மண்தரையில் வைக்கோல்மேல் கத்தரித்தால் அத்தனை தூசும் கம்பளிக்குள் போகும். சிமென்ட் தரை, பலகை, அல்லது ஓரம் பிரியாத கெட்டித் தார்ப்பாய் போதும். ஒவ்வோர் ஆட்டுக்கும் நடுவில் ஒருமுறை பெருக்குங்கள். வெள்ளை ஆடுகளை முதலில் கத்தரியுங்கள், கறுப்பும் பழுப்பும் பிறகு. வெள்ளை விரிப்பில் பத்துக் கறுப்பு இழை கலந்தால் அது கண்ணை உறுத்தும், அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கத்தான் முடியும். கறுப்பு, சாம்பல், பழுப்பு எல்லாமே எங்களுக்கு வேண்டும், சாயமில்லாத இயற்கை நிறங்கள் அவை. கலக்காமல் வேண்டும், அவ்வளவுதான்.

கத்தரி பிடிப்பவருக்கு ஒரு தனி வேண்டுகோள். ஒரே இடத்தில் இரண்டாம் முறை கத்தரி ஓட்டினால் அரை அங்குலத் துணுக்குகள் விழும். முதல் வெட்டு உயரமாகப் போய்விட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், ஆட்டுக்கு அழகு குறையட்டும். அந்தத் துணுக்குகளை வாரிச் சிக்கெடுக்கும்போது அவை உருண்டு மணி மணியாகிவிடும். விரிப்பின் மேல் அந்த மணிகள் அரிசிமணிபோல் எழும்பி நிற்கும், பிறகு உதிரும். கத்தரித்த மயிரை விரித்துப் போட்டு, இரு கையாலும் தூக்கி ஒருமுறை உதறினால் பாதித் துணுக்கு கீழே கொட்டிவிடும். அரை நிமிட வேலைதான், எங்களுக்கு அரை நாள் மிச்சமாகும்.

உதறியதும் ஓரம் கழியுங்கள். விரிந்து கிடக்கும் மயிரைச் சுற்றி நடந்தபடி கையாலேயே பிய்த்தெடுக்கலாம். வால்பக்கம் புழுக்கை ஒட்டிய சடை, மூத்திரக் கறை பட்ட வயிற்றுமயிர், கால்களின் குட்டைமயிர், தலைமயிர், தீவனத் துகள் நிறைந்த பிடரி ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். தோள், விலா, முதுகு, தொடையின் மேற்பகுதி ஆகியவை எங்களுக்கு. 2 கிலோ மயிரில் அரைக் கிலோ கழிந்தால் வருந்தாதீர்கள். அந்த அரைக் கிலோவைச் சேர்த்துக் கட்டினால் மீதி ஒன்றரைக் கிலோவுக்கும் அழுக்கு பரவும்.

பிடரியில் தீவனத் துகள் சேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் உயரமான தீவனக்கூடைதான். ஆடு தலை நிமிர்ந்து இழுத்துத் தின்னும்போது துகள் கழுத்தில் கொட்டுகிறது. கூடையை ஆட்டின் நெஞ்சு உயரத்துக்கு இறக்கினால் அடுத்த கத்தரிப்பில் வித்தியாசம் தெரியும். நெருஞ்சி, நாயுருவி, ஒட்டுப்புல் விதை ஏறிய மயிர் எங்களுக்குப் பெரிய தலைவலி. தூசு தண்ணீரில் போகும், முள் போகாது, செதிலில் மாட்டிக்கொண்டு விரிப்பு வரை வரும். குழந்தைகள் உட்காரும் விரிப்பில் ஒரு நெருஞ்சி முள் இருந்தாலும் அது தோல்விதான். ஓரிரு முள் என்றால் பொறுக்கிவிடலாம். ஒரு பிடி மயிரில் ஐந்துக்கு மேல் இருந்தால் அந்த மூட்டையை அனுப்பவேண்டாம்.

ஆட்டின் உடம்பிலேயே சடைபிடித்துத் தகடுபோல் வந்த மயிரையும் அனுப்பவேண்டாம், அதை வார முடியாது. நோயோ பட்டினியோ கண்ட ஆட்டின் மயிர் நடுவில் இற்றிருக்கும். ஒரு கற்றையை இரு முனையும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுங்கள். வீணைக் கம்பிபோல் டங்கென்றால் உறுதி, நெறுநெறுவென்றால் இற்றது. நூல் நூற்பவர்களுக்கு அது பெருங்குறை. எங்களுக்கு அத்தனை மோசமில்லை, விரிப்பின் நடு அடுக்குக்கு வைத்துக்கொள்வோம். சொல்லிக் கொடுத்தால் போதும்.

மூட்டை கட்டுவதில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. உரச்சாக்கு, தீவனச்சாக்கு, பிளாஸ்டிக் கயிறு ஆகியவற்றிலிருந்து நைந்த பிளாஸ்டிக் இழைகள் கம்பளிக்குள் கலந்துவிடும். அவை கம்பளிபோலவே மெலிதாக இருப்பதால் கண்ணுக்குப் படாது. சாயம் முக்கி எடுத்த பிறகுதான் வெள்ளைக் கீற்றாகப் பளிச்சென்று தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. சணல் சாக்கும் இப்படித்தான் நார் உதிர்க்கும். பழைய பருத்திப் புடவை, வேட்டி, படுக்கை விரிப்பு, பெரிய காகிதப்பை எதுவானாலும் நல்லது. மூட்டையைத் துணிக்கிழிசலாலேயே கட்டுங்கள். வாய் இறுக்கிய பாலித்தீன் பை வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும்.

ஓர் ஆடு, ஒரு மூட்டை என்பதுதான் நாங்கள் விரும்பும் முறை. பல ஆட்டு மயிரைக் கலந்து கட்டினால், வேகமாகச் சுருங்குவதும் மெதுவாகச் சுருங்குவதும் ஒரே விரிப்பில் சேர்ந்து, காய்ந்த அப்பளம்போல் விரிப்பு மேடும் பள்ளமுமாக நெளிந்துபோகும். தனித்தனியாக வந்தால் எதை எதோடு சேர்க்கலாம் என்று நாங்கள் உருண்டை பிடித்துப் பார்த்து முடிவுசெய்வோம்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டிய இடம்.

பேன், உண்ணி, ஈக்கு ஆட்டின்மேல் மருந்து ஊற்றியிருந்தால், குளிப்பாட்டியிருந்தால், எந்த மருந்து, எந்தத் தேதி என்று எழுதித் தாருங்கள். சைபர்மெத்ரின், டயசினான் போன்ற மருந்துகள் கம்பளிக் கொழுப்பில் தங்கிவிடும். நாங்கள் அதைச் சுடுநீரில் கையால் அலசுகிறோம், அந்தத் தண்ணீர் மண்ணுக்குப் போகிறது. சைபர்மெத்ரின் வகை மருந்து மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்துப் புட்டியின் லேபிளில் கத்தரிப்புக்கு முன் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று அச்சிட்டிருந்தால் அது கழிந்த மயிரைத் தாருங்கள். அச்சில் எதுவும் இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து நினைவில்லை என்றால் "நினைவில்லை" என்றே எழுதுங்கள். அந்த மூட்டையைத் தனியாக வைத்து என்ன செய்வதென்று பார்ப்போம், உங்களைக் குறைசொல்ல மாட்டோம். மறைத்துவிட்டால்தான் சங்கடம்.

செத்த ஆட்டின் மயிர் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் வித்துகள் மயிரிலும் மண்ணிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்போர்டு ஆலைகளில் கம்பளி பிரித்தவர்கள் மூச்சுவழியாக இந்த நோய் கண்டு இறந்தார்கள், "கம்பளி பிரிப்போர் நோய்" என்றே அதற்குப் பெயர் வந்தது. கரு கலைந்த ஆட்டின் மயிரும், ஈன்றபோது நீரும் இரத்தமும் பட்ட மயிரும் வேண்டாம், அதன்வழி ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கியூ காய்ச்சல் பரவலாம். எங்கள் பக்கத்தில் கர்ப்பிணிகளைக் கழுவாத கம்பளியின் அருகில் விடுவதில்லை. மற்றவர்கள் முகக்கவசத்தோடும் கையுறையோடும் திறந்தவெளியில்தான் பிரிக்கிறார்கள். வாயில் புண் கண்ட ஆடுகள், கோமாரி பரவும் காலம் இரண்டிலும் மூட்டையை அனுப்பாமல் நிறுத்திவையுங்கள். கழுவாத கம்பளியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகப் பல நாடுகளில் விதிகள் உண்டு. உங்கள் பகுதிக் கால்நடை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அடையாளச் சாயம் பற்றியும் ஒரு வார்த்தை. கழுவினால் போகும் என்று எழுதிய ஆட்டுச்சாயத்தைத் தவிர, எண்ணெய்ப் பெயின்ட், தார் எதுவும் போகாது. அந்தத் திட்டை மட்டும் கத்தரியால் வெட்டி எறிந்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அடையாளத்தை நெற்றியிலோ காதிலோ போட்டால் முதுகுக் கம்பளி தப்பும்.

எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் தேவைக்கு எல்லை வைப்பது கம்பளியோ ஆளோ அல்ல, தண்ணீர்தான். அரைக் கிலோ கழுவாத கம்பளிக்கு 15 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி. முதலில் குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைப்போம். ஆட்டின் வியர்வை உப்பும் மண்ணும் அதிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். மறுநாள் 60 டிகிரிச் சூட்டில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, கம்பளியை மேலே வைத்து அது தானாக முழுகும்வரை விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைப்போம். கம்பளிக் கொழுப்பு 40 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும், ஆகவே அதைவிட நன்றாகச் சூடு இருந்தால்தான் அது இழையை விட்டு வரும். தண்ணீர் ஆறும்வரை விட்டால் உருகிய கொழுப்பு திரும்ப வந்து படியும். இரண்டு முறை சோப்புநீர், இரண்டு முறை அதே சூட்டில் வெறுநீர். கிளறுவதும் இல்லை, கம்பளிமேல் நேராகத் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. அழுத்தி வடித்து, நிழலில் வலைமேல் உலர்த்துவோம்.

கணக்குப் போட்டால் அரைக் கிலோவுக்கு 75 லிட்டர், ஒரு கிலோவுக்கு 150 லிட்டர். கடைசி அலசல் நீரை அடுத்த மூட்டையின் ஊறலுக்குப் பயன்படுத்துவதால் கொஞ்சம் குறையும். மருந்து படாத ஆட்டின் ஊறல்நீர் மரங்களுக்குப் போகும், அதில் சாம்பல்சத்து உண்டு. ஆனாலும் ஒரு பருவத்தில் நாங்கள் பொறுப்போடு கழுவிமுடிக்கக் கூடியது 40 கிலோதான். அதற்கு மேல் வாங்கி அடுக்கினால் அந்துப்பூச்சிக்குத்தான் தீனி. ஆகவே கொண்டுவருமுன் கேளுங்கள். ஒரே வீட்டிலிருந்து 40 கிலோ வருவதைவிட, பத்து வீடுகளிலிருந்து நாலு நாலு கிலோ நன்கு கழித்த மயிர் வந்தால் மகிழ்ச்சி.

அந்த 40 கிலோவில் என்ன வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கழுவினால் 60 விழுக்காட்டுக்குப் பக்கம் நிற்கும், நுண்கம்பளியில் கொழுப்பு அதிகம் என்பதால் பாதிகூட ஆகலாம். வாரிச் சிக்கெடுக்கும்போது இன்னொரு பத்துப் பன்னிரண்டு விழுக்காடு போகும். கையில் மிஞ்சுவது 21 கிலோ. 60 செ.மீ. சதுரத்தில் 5 மி.மீ. தடிமனுள்ள உட்காரும் விரிப்பு ஒன்றுக்கு 325 கிராம் சுத்தக் கம்பளி வேண்டும். நீளத்திலும் அகலத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும் என்பதால் 92 செ.மீ. சதுரமாக அடுக்குவோம். ஐந்து மெல்லிய அடுக்கு, ஒவ்வொன்றும் 65 கிராம், ஒன்று நெடுக்கு, ஒன்று குறுக்கு. மேலே வலை போட்டு, வெதுவெதுப்பான சோப்புநீர் தெளித்து, பாயோடு சுருட்டி உருட்டுவோம். 300 முறை உருட்டி, பிரித்து, கால்சுற்றுத் திருப்பி, மறுபடி 300. நான்கு பக்கமும் முடிந்தபின் ஒரு சிட்டிகை கிள்ளித் தூக்கிப் பார்ப்போம். இழை தனியாக எழும்பினால் இன்னும் உருட்டவேண்டும், விரிப்பே சேர்ந்து எழும்பினால் ஆயிற்று. கடைசியில் வினிகர் கலந்த நீரில் அலசிச் சோப்பின் காரத்தை எடுத்துவிடுவோம். ஒன்றரை மீட்டருக்கு ஒரு மீட்டர் தரைவிரிப்பு என்றால் சுத்தக் கம்பளி ஒன்றரைக் கிலோ. உங்கள் கணக்கில் அது கழித்துவிட்டுத் தரும் மயிரில் 3 கிலோ, அதாவது இரண்டு ஆடுகள்.

உங்கள் கொட்டகையில் ஓரம் கழிக்காமல் விட்ட கொழுப்புச் சடையும் புழுக்கையும் இங்கேதான் பழிவாங்கும். பிசுக்குப் போகாத திட்டில் சோப்புநீர் இறங்காது, முத்து முத்தாக மேலே நிற்கும். அந்த இடம் பின்னாமல் மெத்தென்று இருந்து, நாலு மாதத்தில் ஓட்டை விழும்.

நாங்கள் வேண்டாம் என்றதெல்லாம் வீண் அல்ல. மருந்து படாத கழிவுமயிரைச் செடி மரங்களின் அடியில் பரப்பி மேலே மண் தூவுங்கள். ஈரம் காக்கும், மெதுவாக மட்கி நைட்ரஜன் கொடுக்கும். புழுக்கைச் சடையைத் தண்ணீரில் ஊறவைத்தால் நல்ல கரைசல் உரம். கொளுத்த மட்டும் வேண்டாம், கம்பளி எளிதில் பற்றாது, புகைந்து நாறும்.

உடனே அனுப்ப முடியாமல் வைத்திருக்க நேர்ந்தால், வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகைமேல் வையுங்கள். அந்துப்பூச்சி இருட்டையும் அழுக்கையும்தான் தேடும். மாதம் ஒருமுறை மூட்டையைப் பிரித்து உதறுங்கள். மணல்போல் பொடியோ, மெல்லிய பட்டுக்கூடோ தென்பட்டால் அந்த மூட்டையைத் தனியே ஒதுக்கி எங்களிடம் சொல்லுங்கள். சிறிய அளவென்றால் உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துக் காப்பாற்றிவிடலாம். ஓராண்டுக்கு மேல் பழைய மயிரில் கொழுப்பு இறுகி, கழுவுவது கடினமாகும். அந்த ஆண்டின் மயிரை அந்த ஆண்டே தாருங்கள்.

ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு சீட்டுப் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறி மயிரில் ஒட்டும். ஒரு சீட்டு இப்படி இருந்தால் போதும்: "கலப்பு, பெட்டை, 3 வயது, வெள்ளை. முந்திய கத்தரிப்புக்கு 8 மாதம் கழித்து. மருந்து: கத்தரிப்புக்கு 5 மாதம் முன் முதுகில் ஊற்றியது, பெயர் பின்பக்கம். சாயம் இல்லை. ஓரம் கழித்தது. எடை 1 கிலோ 400." அந்தச் சீட்டு விரிப்பு முடியும்வரை அந்தக் கம்பளியோடு கூடவே போகும். எந்த ஆட்டின் மயிர் எப்படிப் பின்னியது, எது விரிப்பானது, எது திண்டுக்குப் போனது என்பதை அதன் பின்பக்கம் எழுதி உங்களுக்கே திருப்பித் தருவோம். அடுத்த கத்தரிப்பில் எந்த ஆட்டை எங்களுக்கு ஒதுக்கலாம் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும். உருட்டும் நாளில் வந்து உட்காருங்கள், உங்கள் ஆட்டின் விரிப்பை உங்கள் கையாலேயே முதலில் கிள்ளிப் பார்க்கலாம்.

தர விரும்புகிறவர்கள் இப்போதைக்கு மூட்டை அனுப்பவேண்டாம். ஓர் ஆட்டுக்கு இரண்டு கற்றை மட்டும், தோளிலிருந்து ஒன்று, தொடையின் மேலிருந்து ஒன்று, பென்சில் தடிமனில் தோலை ஒட்டி வெட்டி, காகித உறையில் சீட்டோடு வைத்துத் தாருங்கள். உருண்டை பிடித்துப் பார்த்து, எத்தனை கிலோ, எந்த வாரம் என்று பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
ஊர்ப்பொது ஃபெல்ட் பணியில் உள்ளோர்